கன்னம் வழி அஞ்சல்

மே 17

பலெர்மோ, இத்தாலியின் சிசிலித் தீவு. விமானம் நேரத்துக்கு வந்தது, பெட்டி வரவில்லை. நாளை வரும் என்றார்கள். எந்த நாளை என்று கேட்டேன். சிரித்தார்கள்.

வாசலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். நான் கைகூப்பினேன். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் முப்பது வருடம் ஐரோப்பிய வரலாறு நடத்தியவள் நான். பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து இரண்டாம் உலகப் போர்வரை ஒருவரும் ஒருவருக்கும் கன்னத்தைக் கொடுத்ததாகப் பாடத்திட்டத்தில் இல்லை. இங்கே வந்திருந்த அத்தனை பேரும் கொடுத்தார்கள். கூப்பிய கைகள் நடுவில் மாட்டி நசுங்கின. ஒரு அத்தையம்மாளின் மூக்குக் கண்ணாடியும் என் கண்ணாடியும் கொம்பு கோத்துக்கொண்டன.

காரில் தமயந்தி பாடம் எடுத்தாள். என் ஒரே மகள். இங்கே கடல் ஆராய்ச்சிக் கூடத்தில் சூரை மீன்களை எண்ணுகிற வேலை. துறைமுகத்தில் பொறியாளராக இருக்கும் சால்வோவை ஜூன் 14 அன்று மணக்கப்போகிறாள்.

"உதடு படக்கூடாதும்மா. கன்னத்தோட கன்னம். சத்தம் மட்டும் காத்துல."

"சத்தம் எதுக்கு?"

"சத்தம் இல்லேன்னா ஏதோ மனசுல வெச்சிருக்கேன்னு நினைச்சுப்பாங்க. முகத்தை முதல்ல வலப்பக்கமாக் கொண்டுபோ. இடக்கன்னம் படும். அப்புறம் மறுபக்கம். ரெண்டோட நிறுத்திடணும்."

"மூணாவது கொடுத்தா?"

"தனியா காத்துல நிப்பே."

அவர்களுடைய வீடு ஒரே அறை. அதனால் கல்யாணம்வரை நான் சம்பந்தியம்மாள் நுன்சியாவின் வீட்டில். பழைய கட்டடம், மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. நுன்சியா பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர். ஒவ்வொரு வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுதுவதுபோலப் பேசுகிறார். என்னைப் போலவே விதவை. இரண்டு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் ஒரே வீட்டில். திருத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

மே 18

பெட்டி வரவில்லை. நுன்சியாவின் இரவு உடை, நுன்சியாவின் பாதாம் சோப்பு. அந்த சோப்பை இந்த ஊரில் ஒரே கடையில்தான் செய்கிறார்களாம். கல்யாணமான நாளிலிருந்து அதுதானாம்.

மே 19

பெட்டி வந்தது. உள்ளே ஊறுகாய் உடைந்து சந்தன சோப்போடு கலந்துவிட்டது. சோப்பைத் தூக்கி எறிந்தேன். இனி எனக்கும் நுன்சியாவின் பாதாம் சோப்புதான்.

இங்கே காலையில் எழுந்ததும் இரண்டு கன்னம், வெளியே போய்த் திரும்பினால் இரண்டு கன்னம், தூங்கப் போகும்போது இரண்டு கன்னம். ஊரில் என்னைத் தொடுகிறவர்கள் யார் யார் என்று யோசித்துப் பார்த்தேன். ரத்த அழுத்தம் பார்க்கும் நர்ஸ். வருடத்துக்கு ஒருமுறை, உயிரோடு இருக்கிறேன் என்ற சான்றிதழுக்காக என் விரலைப் பிடித்துக் கருவியில் அழுத்தும் தபால்காரர். அவ்வளவுதான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. தகவலுக்காக.

என் கணவர் இருந்தபோதும், கல்லூரி விட்டு வந்தால் "வந்துட்டியா?" என்பார். வந்து எதிரில் நிற்பவளைப் பார்த்து வந்துட்டியா என்று கேட்பதுதான் எங்கள் முகமன். இருபத்தெட்டு வருடத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

மே 20

காலையில் பால் வாங்கப் போனேன். முதல் மாடியில் ஒருவர் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது இருக்கலாம். வெள்ளைச் சட்டை, புருவம் மட்டும் இன்னும் கறுப்பு. என்னைப் பார்த்ததும் தலை குனிந்து காலை வணக்கம் சொன்னார். பாடம் நினைவுக்கு வந்தது. வலப்பக்கம் சாய்ந்து, இடக்கன்னம், பிறகு மறுபக்கம், சத்தம், நிறுத்தம். எதிலும் இடிக்கவில்லை. வந்ததிலிருந்து முதல் முறையாகப் பிழையில்லாமல் செய்தேன்.

அவர்தான் கொஞ்சம் திடுக்கிட்டதுபோல நின்றார். பிறகு ஆங்கிலத்தில் பேசினார். சில வருடம் மால்டாவில் வேலை பார்த்தவராம்.

"நீங்கள் மணப்பெண்ணின் அம்மா. நான் லில்லோ. பல் மருத்துவன், ஓய்வு. உங்கள் கீழ்வரிசை மிக நன்றாக இருக்கிறது."

"நன்றி. மேல்வரிசை?"

"இன்னொரு நாள் சிரிக்கும்போது பார்த்துச் சொல்கிறேன்."

அவரிடம் கிராம்பு வாசனை. பல் வைத்தியம் செய்தவர்களுக்கு அது தோலோடு ஒட்டிவிடும் போலிருக்கிறது.

மேலே வந்தேன். நுன்சியா வழக்கம்போலக் கன்னம் கொடுத்தார். முதல் கன்னத்திலேயே நின்றுவிட்டார். மூச்சை உள்ளே இழுத்தார். இரண்டாவது கன்னம் வரவில்லை. திரும்பிப் போய்க் காபி போட்டார். காபி வழக்கத்தைவிடக் கசந்தது.

குளியலறைக் கண்ணாடியில் கீழ்வரிசையைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது.

மே 21

தமயந்தியிடமிருந்து போன். ஹலோகூடச் சொல்லவில்லை.

"அம்மா, நேத்து நீ யாருக்குக் கன்னத்தைக் கொடுத்தே தெரியுமா?"

"லில்லோவுக்கு."

"பேர் வேற தெரியுமா! அவர் சால்வோவோட சித்தப்பா. அத்தையோட கொழுந்தன். அவருக்கும் அத்தைக்கும் அஞ்சு வருஷமாப் பேச்சு இல்ல."

"ஒரே படிக்கட்டுலயா?"

"ஒரே படிக்கட்டுல. மாமா செத்தது கொரோனா வந்த முதல் வாரம். எல்லாரும் அத்தையைக் கட்டிப் பிடிச்சு அழுதாங்க. இவர் மட்டும் வந்து முழங்கையை நீட்டினார்."

"முழங்கையையா?"

"டிவில சொன்னாங்களே, அந்த மாதிரி. கூடப் பொறந்த அண்ணன் உள்ள பெட்டில கிடக்கார். இவர் அண்ணிகிட்ட முழங்கையை நீட்டறார். அத்தை அந்த நிமிஷமே அவருக்கு வணக்கத்தை எடுத்துட்டாங்க. இங்க அப்படித்தான் சொல்வாங்க. கொடுத்து வெச்சிருந்ததைத் திருப்பி எடுத்துக்கற மாதிரி."

விஷயம் அதோடு நிற்கவில்லை. சால்வோவின் அப்பா கப்பலில் வேலை பார்த்தவர், வருடத்தில் பாதி நாள் கடலில். பையனுக்கு நீச்சல் பழக்கியது, காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்தது எல்லாம் சித்தப்பா. சித்தப்பா இல்லாமல் கல்யாணம் இல்லை என்கிறான் சால்வோ. அவர் வந்தால் நான் வர மாட்டேன் என்கிறார் நுன்சியா.

"பதினாலாந்தேதிக்குள்ள இது முடியணும்மா. தள்ளிப்போட்டா நடக்காது. சால்வோவும் அவங்கம்மா மாதிரியேதான். ஒரு தடவை எழுந்து போனான்னா திரும்பி வர மாட்டான். நீ தயவுசெஞ்சு அந்த மனுஷனைக் கண்டா ஒதுங்கிப் போ. சம்பந்திக்கு ஆகாதவங்க நமக்கும் ஆகாதவங்க."

இது எனக்குத் தெரிந்த சட்டம்தான். நம்மூரில் பேச்சு இல்லை என்றால் ஆளோடு முடியாது. அந்த ஆளின் மனைவி, மனைவியின் தங்கை, அவர்கள் வீட்டுக்குப் பால் ஊற்றுகிறவர்வரை போகும். சுவரைப் பார்த்துச் சொல்லிச் சுவரிடமிருந்து பதில் வாங்கிக் குடித்தனம் நடத்தியவர்களை நான் அறிவேன். ஐரோப்பா இதில் நம்மைவிட ஒன்றும் முன்னேறியிருக்காது என்று முடிவு செய்தேன்.

மே 22

லில்லோவை முதல் மாடியில் பார்த்தேன். அவர் முகத்தைச் சாய்த்தார். நான் இரண்டு படி மேலேயே நின்று கைகூப்பினேன். அவர் ஒரு நொடி பார்த்துவிட்டு, தானும் கைகூப்பினார். மிகச் சரியாக. விரல் நுனிகள்கூடப் பிசகவில்லை.

மே 24

தமயந்தியின் ஆராய்ச்சிக் கூடத்து நண்பர்கள் விருந்து. மத்தியதரைக் கடலைச் சுற்றிலுமிருந்து ஆட்கள், எல்லோருக்கும் சூரை மீனே வேலை. ஸ்பெயின்காரர் மறுபக்கத்திலிருந்து தொடங்கியதால் எங்கள் மூக்குகள் சந்தித்துக்கொண்டன. பிரான்ஸின் மோன்பெலியேயிலிருந்து வந்த பெண்ணுக்கு மூன்று. நான் இரண்டோடு நிறுத்தினேன். அவள் தனியாகக் காற்றில் நின்றாள். பெய்ரூட்காரருக்கும் மூன்று, ஆனால் நான்காவது தருவதுபோல் ஒரு அசைவு செய்து என்னைக் குழப்பினார். அல்ஜீரியாக்காரர் என் கையைக் குலுக்கிவிட்டுத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அது எனக்குப் பிடித்தது. யாருக்கும் காயமில்லை.

ஒரே கடல். எத்தனை, எந்தப் பக்கம் என்பதில்கூட ஒற்றுமை இல்லை. ரோமானியர்கள் இவர்கள் எல்லோரையும் சேர்த்து எப்படி ஆண்டார்கள் என்று இத்தனை வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். எனக்கே இப்போது சந்தேகமாக இருக்கிறது.

மே 26

நுன்சியாவின் கன்னம் இப்போதெல்லாம் அலுவலக முத்திரை மாதிரி. டப், டப். அடுத்த ஆள். நான் ஏதோ தவறு செய்திருக்கிறேன். அவர் கொழுந்தனை நான் தள்ளி வைத்தது பிடிக்கவில்லையா, தள்ளி வைத்தது போதவில்லையா தெரியவில்லை.

பால் வாங்கும் நேரத்தை மாற்றிவிட்டேன். லில்லோ கண்ணில் படுவதில்லை. வசதியாகத்தான் இருக்கிறது. கடைக்காரரிடம் பால் கெட்டியாக இல்லை என்று சண்டை போட்டேன்.

மே 27

நுன்சியா காலையில் நேரடியாகக் கேட்டுவிட்டார்.

"வல்லி, ஏன் நீங்கள் தாமதமாகக் கீழே போகிறீர்கள்?"

என் முழுப் பெயர் அபிராமவல்லி. அதை அவர் முதல் நாளே வெட்டிவிட்டார். சம்பந்திக்கு ஆகாதவர் எங்களுக்கும் ஆகாதவர் என்ற சட்டத்தை நான் விளக்கினேன். அவர் கேட்கக் கேட்கப் புருவத்தை உயர்த்தினார்.

"நான் என்னுடையதை எடுத்துக்கொண்டேன். உங்களுடையதை நான் கேட்டேனா?"

"கேட்கவில்லை."

"அது என்னுடைய கோபம். ஐந்து வருடமாக நானே பார்த்துக்கொள்கிறேன். இதில் பங்குக்கு ஆள் வேண்டாம். நாளையிலிருந்து பழைய நேரத்துக்கே போங்கள்."

"வீட்டில் பால் இருக்கிறதே."

"போங்கள்."

மே 28

பழைய நேரத்துக்கே போனேன். பாலுக்காகத்தான். பெட்டியில் மடிப்பு கலைந்துவிடும் என்பதால் மாம்பழக் கலர் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டேன்.

லில்லோ கதவருகே நின்றிருந்தார். பூட்டுவதற்கு இவ்வளவு நேரம் பிடிக்கிற பூட்டை நான் பார்த்ததில்லை. ஆனது என்ன என்று அவர் கேட்கவில்லை. முகத்தைச் சாய்த்தார். நானும்.

"நீங்கள் கைகூப்பியது எனக்குப் பிடித்திருந்தது. என் வாழ்நாளில் இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை விரட்டியதில்லை."

சிரித்துவிட்டேன். மேல்வரிசையும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

மேலே வந்தபோது நுன்சியா கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். கன்னம் கொடுத்தார். இடது. மெதுவாக. ஒரு மூச்சு. வலது. இன்னொரு மூச்சு. "பால் எங்கே?" என்று கேட்டார். மறந்துவிட்டேன்.

மே 30

நேற்றும் இன்றும் அதே. முத்திரை போய்விட்டது. என் கன்னத்தில் நுன்சியா நிற்கும் நேரம் கூடிக்கொண்டே வருகிறது. இன்று என் தோளுக்குமேல் பார்த்தபடி கேட்டார்.

"இருமுகிறாரா?"

"யார்?"

"யாரோ. முதல் மாடியில் ஒருவர் இருமுகிற சத்தம். புகையை விட்டுவிட்டதாகச் சொன்னார்கள். விடவில்லை போல."

"சிகரெட் வாசனை இல்லை. கிராம்புதான்."

"எனக்குத் தெரியும்," என்றார். பிறகு அது தனக்குத் தெரிந்திருக்கக் கூடாது என்று நினைவு வந்து அடுப்பைத் துடைக்கப் போனார். அடுப்பு சுத்தமாகத்தான் இருந்தது.

ஆக, நான் ஒரு தபால் பெட்டி. கீழே போடுகிறார்கள், மேலே எடுத்துக்கொள்கிறார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியைக்கு இதைவிடக் கீழான வேலைகளும் தந்திருக்கிறார்கள். விடைத்தாள் திருத்தும் முகாமில் நான் தண்ணீர் ஊற்றியிருக்கிறேன்.

ஜூன் 3

லில்லோ காபிக்கு அழைத்தார். தெருமுனைக் கடை, நின்றபடியே குடிக்க வேண்டும். நீலப் பட்டுப் புடவை. கல்யாணத்துக்காகக் கொண்டுவந்தது. மடிப்பு எப்படி விழுகிறது என்று பார்க்க வேண்டியிருந்தது.

முழங்கையைப் பற்றி அவரே சொன்னார்.

"அந்த வாரம்வரை நோயாளிகளின் வாய்க்குள் என் முகத்தை வைத்துக்கொண்டிருந்தேன். அதில் ஒருவர் முந்தின நாள் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். எனக்கு ஒட்டியிருக்குமா தெரியாது. அண்ணன் போயாயிற்று. அவளுக்கும் நான் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமா?"

"அதை அவரிடம் சொல்லியிருக்கலாமே?"

"சவப்பெட்டி பக்கத்தில் நின்று, என் பக்கத்தில் வராதே, செத்துவிடுவாய் என்று சொல்லச் சொல்கிறீர்களா? நல்ல யோசனை. நீங்கள் ஏன் அன்றைக்கு வரவில்லை?"

பிறகு சொல்லியிருக்கலாம் என்றேன். பிறகு அவள் கேட்கும் இடத்தில் இல்லை என்றார். எடுத்தவள்தான் திருப்பித் தர வேண்டும், பறிகொடுத்தவன் போய்க் கதவைத் தட்டக் கூடாது, அதுதான் முறையாம். விளக்கம் ஏதாவது இருந்தால் அவரே வந்து சொல்லட்டும் என்று நுன்சியா நினைக்கிறார் போல. அவர் வர முடியாது. இவர் அழைக்க முடியாது. இரண்டு துறைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கோப்புகளை எனக்குத் தெரியும். யாராவது ஓய்வு பெற்றால்தான் நகரும்.

காபிக்கு நல்ல மணம். கடைக்கு வெளியே நல்ல வெயில். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

ஜூன் 5

படிக்கட்டு. வழக்கம்போல. இடது, வலது. வலதில் லில்லோ கொஞ்சம் நின்றார். சில நாளாகவே கொஞ்சம் நிற்கிறார். நான் கவனிக்காமல் இல்லை.

"இன்னும் அதே பாதாம் சோப்பா அவள்?" என்றார்.

"ஆமாம். அதேதான்."

"நினைத்தேன்," என்று சொல்லிவிட்டு, பூட்டைப் பூட்டினார். இன்று உடனே பூட்டிக்கொண்டது.

ஆக, தபால் கீழேயும் வருகிறது.

வேறு சோப்பு வாங்கலாம் என்று கடைவரை போனேன். பலவிதம் இருந்தன. எடுத்து முகர்ந்துவிட்டு வைத்துவிட்டேன். நடுவில் சோப்பை மாற்றினால் போக்குவரத்து தடைபடும். மகளின் கல்யாணம் இதில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

ஜூன் 6

மழை. பால் வாங்கினேன். பருத்திப் புடவை.

ஜூன் 8

ஞாயிறு மதியச் சாப்பாடு. எனக்காகக் கத்தரிக்காய், மற்றவர்களுக்கு மீன். சால்வோ சித்தப்பா பேச்சை எடுத்தான். அம்மாவும் மகனும் இத்தாலியனில் கத்தினார்கள். தமயந்தி என் காதில் தமிழில் சொன்னாள். மொழிபெயர்ப்பு தேவைப்படவே இல்லை.

"என் வாயில இருக்கற ஒவ்வொரு பல்லும் அவர் பாத்ததுங்கறான்."

"அவங்கம்மா என்ன சொல்றாங்க?"

"அப்ப பல்லை மட்டும் கூட்டிட்டுப் போ, நான் வரலேங்கறாங்க."

சால்வோ எழுந்து வெளியே போய்விட்டான். அவன் தட்டில் மீன் அப்படியே இருந்தது. தமயந்தி முகத்தைப் பார்த்தேன். பத்தாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்குக் கிளம்பும்போது இருந்த முகம். அழுகையைக் கீழுதட்டில் பிடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவுதாம்மா. முடிஞ்சது."

நான் கத்தரிக்காயைச் சாப்பிட்டு முடித்தேன். வேறு என்ன செய்ய?

ஜூன் 10

நம்மூரில் பெண் வீட்டு அழைப்பு என்று ஒன்று உண்டு. பெண்ணைப் பெற்றவர்கள் வாசலில் போய் நின்று நேரில் அழைத்தால், வருகிறவர் பெண் வீட்டு விருந்தாளி. பிள்ளை வீட்டார் அவரைக் கேள்வி கேட்க முடியாது. கேட்டால் பெண் வீட்டைக் கேட்டதாக ஆகும். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு எதிராளியைப் பந்தியில் உட்கார வைத்த குடும்பங்கள் தஞ்சை மாவட்டத்தில் ஏராளம்.

சந்தைப் பக்கம் இலங்கைத் தமிழர் கடை ஒன்று இருக்கிறது. வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம் வாங்கினேன்.

"என்ன விசேஷம் அக்கா?" என்றார் கடைக்காரர்.

"கல்யாணத்துக்கு அழைக்க."

"ஆரை?"

"ஒரு பல் டாக்டரை."

ஊரில் விதவை தட்டோடு அழைக்கப் போக மாட்டாள். அண்ணியையோ ஓரகத்தியையோ அனுப்புவாள். இங்கே யாருக்கும் தெரியாது. தெரிந்த ஒருத்தி நான்தான், நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

தட்டோடு முதல் மாடிக் கதவைத் தட்டினேன். லில்லோ வெற்றிலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது பல்லுக்குக் கெடுதல்."

"சாப்பிடச் சொல்லவில்லை. பதினாலாம் தேதி என் மகள் கல்யாணம். நீங்கள் எங்கள் வீட்டு விருந்தாளியாக வர வேண்டும். வாசலில் நான் நிற்பேன். உங்களை வரவேற்க வேண்டியவள் நான். நுன்சியா இல்லை."

தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். யாரும் சொல்லித் தராமலே.

ஜூன் 11

நுன்சியாவிடம் சொன்னேன். அவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்.

"உங்கள் விருந்தாளி?"

"என் விருந்தாளி."

"அப்படியானால் நீங்கள்தான் அவருக்குக் கன்னம் கொடுக்க வேண்டும். நான் உங்கள் பக்கத்தில் நிற்பேன். என் முன்னால் அவர் நிற்காமல் கடந்து போக வேண்டும். சம்மதமா?"

"சம்மதம்."

சால்வோவும் சம்மதித்தான். தமயந்தி போனில் கத்தியதில் காது வலிக்கிறது. கல்யாணம் நடக்கும்.

பிறகு நுன்சியா கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "என்ன நிறத்தில் சூட்?"

"கேட்கவில்லை."

"பழுப்பு அவருக்கு ஆகாது. யாராவது சொன்னால் நல்லது."

நாளைத் தபாலில் சொல்லிவிட வேண்டும்.

ஜூன் 14

காலையில் நகராட்சி மண்டபத்தில் பதிவு. சால்வோ மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டான். தமயந்தி நான் கொண்டுவந்த கூறைப் புடவையில் இருந்தாள். மேயருக்குப் பதிலாக வந்தவர், மூவண்ணப் பட்டையை மார்பில் குறுக்கே போட்டுக்கொண்டு, இருவருக்கும் சட்டப் பிரிவுகளை வாசித்துக் காட்டினார். நம்மூர்ச் சாஸ்திரிகள் சொல்வது போலவே யாருக்கும் புரியவில்லை.

மாலையில் கடற்கரை ஹோட்டலில் விருந்து. வாசலில் முதலில் நான், அடுத்து நுன்சியா. கும்பகோணத்தில் இந்த மாதிரி வாசலில் பன்னீர்ச் செம்புக்குப் பக்கத்தில்கூட என்னை நிறுத்த மாட்டார்கள். நான் ஏழாவது வரிசையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருப்பேன். இங்கே இரண்டு விதவைகள் வாசலை அடைத்துக்கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் கன்னம் கொடுத்தோம். இடது, வலது, அடுத்தவர்.

லில்லோ வரிசையின் கடைசிப் பகுதியில் வந்தார். சாம்பல் நிற சூட். பழுப்பு இல்லை. நுன்சியா கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் எங்கே நிற்கிறார் என்று தெரியாமல் அவ்வளவு சரியாக வேறு பக்கம் பார்க்க முடியாது.

எங்களுக்கும் லில்லோவுக்கும் நடுவே ஒரு குண்டான மாமா, அவர் மனைவி, அவ்வளவுதான். ஏற்பாடு எல்லோருக்கும் தெரியும். அவர் என்னிடம் வருவார், நான் கன்னம் கொடுப்பேன், அவர் நுன்சியாவைத் தாண்டி உள்ளே போவார். கல்யாணம் பத்திரம். எல்லோரும் சம்மதித்த ஏற்பாடு. நானே செய்த ஏற்பாடு.

மாமாவின் மனைவிக்குக் கன்னம் கொடுத்தபோது கிராம்பு வாசனை வந்துவிட்டது.

இந்த விருந்தில் எனக்குச் சைவமாக என்ன வைத்திருக்கிறார்கள் என்று நான் இதுவரை பார்க்கவே இல்லை. அது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நகர்ந்தேன். நுன்சியா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்கே போகிறீர்கள்?"

"கத்தரிக்காய்."

"வல்லி! இப்போதா? நீங்கள்தானே அவரை..."

"உடனே வந்துவிடுகிறேன்."

கையை விடுவித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். சமையல்காரர் ஒரு பெரிய தட்டைக் காட்டினார். கத்தரிக்காய், ஆலிவ், வினிகர், கொஞ்சம் சர்க்கரை. அதைக் கவனமாகப் பார்த்தேன். இதில் சர்க்கரை எதற்கு என்று சைகையில் கேட்டேன். அவர் நீளமாக விளக்கினார். வெளியே வாசல் பக்கம் பேச்சுச் சத்தம் நின்றது. இருநூறு சிசிலிக்காரர்கள் ஒரே நேரத்தில் வாயை மூடினால் சமையலறைக்கே கேட்கிறது. சமையல்காரரும் நிறுத்தினார். நான் தட்டைப் பார்த்தபடியே இருந்தேன்.

பிறகு திடீரென்று ஒரே கூச்சல். யாரோ கைதட்டினார்கள்.

தமயந்தி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"அம்மா, உனக்கு என்ன பைத்தியமா? அவர் வாசல்ல வந்து நிக்கறார், உன் இடம் காலியா இருக்கு!"

"என்ன ஆச்சு?"

"உள்ளேயும் வர முடியாம வெளியேயும் போக முடியாம நிக்கறார். கையை எங்க வெக்கறதுன்னு தெரியல அவருக்கு. சால்வோ ஓடி வரான். எனக்கு உயிரே போயிடுச்சு. அதுக்குள்ள அத்தை ஒரு அடி எடுத்து வெச்சு உன் இடத்துல வந்து நின்னாங்க."

"என் இடத்துல."

"ஆமா. அங்க நின்னு கன்னத்தைக் கொடுத்தாங்கம்மா!"

"எத்தனை?"

"என்னது எத்தனை?"

"ரெண்டுதானே முறை."

"எண்ணிக்கிட்டா இருந்தேன்? ரெண்டு பேரும் விடவே இல்ல. அவர் அழறார், அத்தை அவரைத் திட்டறாங்க, திட்டிக்கிட்டே கன்னத்தை எடுக்கவே இல்ல. ஊரே பாத்துது. நீ மட்டும் பாக்கலியே!"

"நான் கத்தரிக்காய் பாத்துட்டிருந்தேன்."

"போம்மா, உன்கூட." அழுதுகொண்டே சிரித்தாள். மையைத் துடைத்துவிட்டேன். சால்வோ கூப்பிட்டான், ஓடிவிட்டாள்.

வாசலுக்குத் திரும்பினேன். லில்லோ உள்ளே போயிருந்தார். நுன்சியா தன் இடத்துக்கே நகர்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது, கொண்டை ஒரு பக்கம் சரிந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னுடைய இடம் காலியாகத்தான் இருந்தது. போய் நின்றுகொண்டேன்.

வரிசையில் இன்னும் ஆட்கள் இருந்தார்கள். யாரோ ஒரு பெரியவர் முன்னால் வந்து முகத்தைச் சாய்த்தார். நானும் சாய்த்தேன். இடது, வலது. அவர் யாரென்று இன்னும் தெரியாது. எந்த வாசனையும் இல்லை.